மோட்டார் கொட்டாய்த் திருப்பம்

ஏஞ்சல் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பது யாரும் செய்கிற வேலை. கொக்கியின் இடுக்கில் போய் உறைந்துவிட்ட ரத்தத்தை எடுப்பதுதான் பாடு. அதற்கென்று ஒரு பழைய பல் பிரஷ் வைத்திருக்கிறாள். இடது கட்டைவிரலால் கொக்கியின் நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்திக் குத்தித் தேய்த்தாள். அலசினாள். இரண்டு முனைகளையும் பூட்டி இழுத்துப் பார்த்தாள். பூட்டு பிடிக்கவில்லை. மறுபடி தேய்த்தாள்.

மாகறல் பக்கத்தில் சாலையோர வேப்பமரத்தின் கீழே அவளுடைய ஆம்புலன்ஸ் நிற்கும். நான் காஞ்சிபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து அங்கே இறங்கி, இலுப்பந்தாங்கலுக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பது வழக்கம். அந்த ஊரில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட ராஜகோபால் என்பவருக்குப் படுக்கைப் புண் கட்டி, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கும் வேலை எனக்கு.

"யாருது?" என்று பெல்ட்டைக் காட்டிக் கேட்டேன்.

"யுவன்னு ஒரு பையன்க்கா. ஒரகடம் பக்கம் கம்பெனில வேலை. நேத்து சாயந்திரம். ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டான்."

"தலையா?"

"கழுத்து."

பெல்ட்டை உதறிக் காயப்போட்டாள். நேற்றுப் பிற்பகல் ஏறிய இரவு ஷிப்ட் முடிந்துவிட்டது; அடுத்த ஷிப்ட் மறுநாள்தான். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊருக்குத்தான் கிளம்பினாள். "ஏறுக்கா, நானே உட்டுடறேன்" என்றாள். அவளுடைய ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன்.

ஏஞ்சல் பிறந்தது இலுப்பந்தாங்கல் காலனியில். அம்மா இன்றைக்கும் களை எடுக்கப் போகிறவர். பன்னிரண்டாவது முடித்து நர்ஸிங் உதவியாளர் படிப்புப் படித்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தாள். வார்டில் நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். இவள் வேகமாக நடப்பாள். ஓடுகிறவள் போய்ச் சேரும்போது மூச்சு வாங்குவாள், கை நடுங்கும். இவளுக்கு இரண்டும் கிடையாது. பிறகு ஆம்புலன்ஸுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். புருஷன் கமல் சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு வாரம் அவன் கை பச்சை, மறு வாரம் அரக்கு. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவளுக்குக் கீழ்வீட்டுத் தறிச் சத்தம் தொந்தரவு இல்லை. தறி நின்றால்தான் விழித்துக்கொள்வேன் என்பாள்.

இலுப்பந்தாங்கலுக்குள் நுழையும் இடத்தில் சிமெண்ட் ஆர்ச் ஒன்று இருக்கிறது. மேலே அம்மன், இரண்டு பக்கமும் சிங்கம். ஆர்ச் ஓரமாக அன்றைக்கு நெடுஞ்சாலைத் துறை ஜீப் நின்றது. இரண்டு ஆட்கள் சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தியா என்ற சின்ன வயது இன்ஜினியர் பெண் தொப்பி வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தாள். அவளுக்கும் ஏஞ்சலுக்கும் ஏற்கெனவே முகப் பழக்கம்.

"இன்னா மேடம், ரோடு போடறீங்களா?" என்று ஸ்கூட்டியை நிறுத்தினாள் ஏஞ்சல்.

"ரோடு இல்ல சிஸ்டர். இது பிளாக் ஸ்பாட். இங்க ரொம்பப் பேர் செத்திருக்காங்க, அதனால மொதல்ல இங்க வேலை." சந்தியா கைபேசியில் வரைபடத்தைக் காட்டினாள். "நாடு முழுக்க இப்படித்தான் புள்ளி வெக்கிறாங்க. போலீஸ் வெக்கிற புள்ளி, உங்க ஆம்புலன்ஸ் போய் நின்ன இடம், எல்லாம் சேர்ந்து மேப்ல விழும். எங்க நெறைய விழுதோ அங்க கோடு போட்டு, மினுக்கற லைட்டு வெச்சு, ஓரத்துல இரும்புத் தடுப்பு போடறோம். அப்படிச் செஞ்ச இடத்துல எல்லாம் சாவு கொறைஞ்சிருக்கு சிஸ்டர். நாளைக்குக் காலையில மிஷின் வருது."

நானும் எட்டிப் பார்த்தேன். ஆர்ச் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வெல்லத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தன. ஊரைத் தாண்டிப் போகும் சாலையில் ஒன்றுகூட இல்லை.

"இங்க யாரும் விழல மேடம்" என்றாள் ஏஞ்சல்.

சந்தியா சிரித்தாள். "நீங்கதானே சிஸ்டர் வந்து எடுத்துக்கினு போயிருக்கீங்க?"

"எடுத்தது இங்க. விழுந்தது அங்க." கையை நீட்டி மேற்கே காட்டினாள். "மோட்டார் கொட்டாயாண்ட, அந்தத் திருப்பத்துல."

விஷயம் இதுதான். ஊரைத் தாண்டிச் சாலை மேற்கே திரும்பும் இடத்தில், பம்புசெட் இருந்த ஒரு பழைய மோட்டார் கொட்டாய் இருக்கிறது. விழுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு பெயர் கிடையாது, கடை கிடையாது, போர்டு கிடையாது. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தால் எங்கே என்று கேட்பார்கள். என்ன சொல்வது? ஆரம்பத்தில் ஒருமுறை வண்டி வழி தெரியாமல் சுற்றி வந்து சேர்வதற்குள் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அடிபட்டவரை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆர்ச்சுக்குக் கொண்டுவந்துவிடுவது, போனில் 'ஆர்ச்சாண்ட வாங்க' என்று சொல்வது. நல்ல மனதில் வந்த வழக்கம்தான். உடைந்த வண்டியையும் கூடவே உருட்டி வந்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஆர்ச்சில் வந்து நிற்கும், ஏஞ்சல் 'சேர்ந்தாயிற்று' பொத்தானை அங்கே அழுத்துவாள், புள்ளி அங்கே விழும். போலீஸும் வந்து ஆர்ச்சைத்தான் படம் எடுக்கும்.

அறுவடைக் காலத்தில் இந்த வழக்கத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. திருப்பத்தில்தான் ஊர் நெல் காய்கிறது. போலீஸ் அங்கே வந்து பார்ப்பதை யாரும் விரும்பவில்லை.

எல்லாவற்றையும் கேட்ட சந்தியா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "நான் உங்கள நம்பறேன் சிஸ்டர். ஆனா மேப்ல எங்க இருக்கோ அங்கதான் வேலை செய்யலாம். போலீஸ்ல இடத்தைத் திருத்தணும். அதுக்குத் தூக்கிக்கினு வந்தவங்க யாராவது இடத்தைக் காட்டணும். இன்னிக்குள்ள சொன்னாங்கன்னா நான் மேல பேசி மிஷினை நிறுத்தி வெக்கறேன். நாளைக்கு இங்க தடுப்பு நட்டுட்டா அவ்ளோதான். இந்தச் சாலையில வேலை முடிஞ்சதுன்னு ஆயிடும். மறுபடி வர எத்தனை வருஷமோ."

"அதுக்குள்ள அங்க விழறவங்க?"

சந்தியா தொப்பியை மாட்டிக்கொண்டு கோடு போடுகிறவர்களிடம் திரும்பினாள்.

தூக்கிவந்தவர் என்றால் முனிரத்தினம்தான். ஆர்ச்சுக்குக் கீழேயே ஆட்டோவை நிறுத்தி, சீட்டில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தடத்தில் வெகு நாளாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பேசினால் சிரிக்கவைப்பார். அன்றைக்கு ஏஞ்சல் கிட்டே போனதும் பேப்பரை மடித்தார்.

"எல்லாம் காதுல உழுந்துது. என்னைக் கூப்புடாத."

"வந்து எடத்தைக் காட்டுண்ணா. அவ்ளோதான்."

"காட்டினா, ஏன்டா தூக்கினேன்னு போலீஸு கேப்பான். கேஸு எம்மேல திரும்பும்."

"அடிபட்டவங்கள ஆஸ்பத்திரிக்குச் சேக்க ஒத்தாசை பண்ணவன்மேல கேஸு கெடையாதுண்ணா. சட்டம் இருக்குது."

"சட்டம் வந்து இந்த ஊர்ல எம் பக்கத்து வூட்டுலயா குடியிருக்கப் போவுது? நெல்லு கொட்டறவங்க எல்லாம் எஞ் சவாரிம்மா."

ஏஞ்சல் போகாமல் நின்றாள். முனிரத்தினம் சாலையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நேத்து அந்தப் பையன... நான் தூக்கச் சொல்லோ கண்ணு முழிச்சிக்கினுதான் இருந்தான். தண்ணி கேட்டான். ஆட்டோல வரச் சொல்லோ தல தொங்கிப்போச்சு. நான் தூக்கினதாலதான் செத்தானா?"

ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். ஏஞ்சல் நினைக்கவில்லை.

"தெரியாதுண்ணா. உழுந்தப்பவே ஒடைஞ்சிருக்கலாம். தூக்கனப்பவும் ஆயிருக்கலாம். எனக்குத் தெரியாதத நான் எப்படித் தெரியும்னு சொல்றது?"

முனிரத்தினம் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு சவாரி இல்லாமலே போய்விட்டார்.

அடுத்தது செல்லியம்மாள். நான் பார்த்துக்கொள்ளும் ராஜகோபாலின் மனைவி. புருஷன் படுத்த பிறகு நிலம் முழுவதையும் ஒற்றை ஆளாக நடத்துகிறவர். திருப்பத்தில் கிடக்கும் நெல்லில் பெரும் பகுதி அவருடையது. நான் உள்ளே ராஜகோபாலின் முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பேச்சு முற்றியது. ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"ஆர்ச்சாண்ட லைட்டு போட்டா போட்டுட்டுப் போறாங்க. உனக்கு இன்னாடி கொடையுது?"

"அங்க லைட்டு போட்டு இன்னாம்மா பண்றது? சிங்கமா வந்து முட்டிக்கினு சாவுது?"

"வாயப் பாரு. ரோட்டுல கொட்டணும்னு எனக்கு ஆசையா? இருந்த களத்துல தண்ணி டேங்கு கட்டிட்டானுங்க. ஈரம் இருக்குதுன்னு கொள்முதல்ல நெல்லத் திருப்பி அனுப்பறான். எங்க காய வெக்கறது, எந்தலையிலயா?"

அது உண்மைதான். களம் இல்லாத ஊர் அது.

"பகல்ல காயவை. நான் கேக்கல. சாயந்திரம் தார்ப்பாய் மூடி, சுத்தி கருங்கல்லு வெக்கிறியே, அத எடுத்துடு. தார்ப்பாயும் கருப்பு, கல்லும் கருப்பு, ரோடும் கருப்பு. வர்றவன் கண்ணுக்கு நேரா சூரியன் எறங்குது. கம்பெனி உட்டு வர்ற புள்ளைங்க எங்கிருந்து பாக்கும்?"

"கல்லு வெக்கலைன்னா நெல்லுமேலயே ஏத்திக்கினு போறான்டி." செல்லியம்மாள் மூச்சு வாங்கினார். "நேத்து வரைக்கும் உங்கம்மா என் வயல்ல குனிஞ்சி களை எடுத்தவ. நீ பேன்ட்டு மாட்டிக்கினு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட. நாளையிலருந்து உங்கம்மாவ இந்தப் பக்கம் வரவாணாம்னு சொல்லு."

"சொல்றேன். வேற வயலுக்குப் போவும். அது இல்ல பேச்சு. நேத்து செத்தவனுக்கும் ஒரு அம்மா இருக்குது. இன்னிக்கி அந்தக் கல்ல எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

அத்துடன் முடிந்தது. நான் கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவி வெளியே வரும்போது ஏஞ்சல் காலனிப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் படு என்றேன். "ரெண்டு மணி நேரம் அம்மா வூட்டுல படுக்கறேன்க்கா. சாயந்திரம் அந்தத் திருப்பத்துல போய் நிக்கணும்" என்றாள்.

"நின்னு?"

"வர்ற வண்டிய கைய காட்டி நிறுத்துவேன். வேற இன்னா பண்றது?"

அன்றைக்கு ராஜகோபாலுக்குச் சாயந்திரமும் ஒரு கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அதனால் நான் கிளம்ப நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கு நடந்தபோது திருப்பத்தில் அவர்களைப் பார்த்தேன். செல்லியம்மாளும் இரண்டு கூலியாட்களும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கருங்கல் வரிசையாக வந்துகொண்டிருந்தது. சாலையின் பாதி நெல்லுக்கும் மீதிப் பாதி வண்டிகளுக்கும் என்று ஆகியிருந்தது. மோட்டார் கொட்டாய்க்கு எதிரே ஏஞ்சல் ஒரு சிவப்புத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். கம்பெனி விட்டு வரும் வண்டி ஒவ்வொன்றையும் கையாட்டி மெதுவாக்கினாள். திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. கல்லைத் தொடவில்லை. தொட்டால் சண்டையாகும், சண்டை வந்தால் வண்டியைப் பார்க்க முடியாது என்று பிறகு சொன்னாள்.

முனிரத்தினமும் ஆட்டோவைக் கொட்டாய் ஓரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

சூரியன் சாலையின் முனையில் சரியாக வந்து உட்கார்ந்தது. இரண்டு பைக்குகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. ஏஞ்சல் துண்டை வீசி அவற்றை ஒதுக்கினாள். அவற்றின் பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்ததைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. முன்னால் போன பைக் சட்டென்று வேகம் குறைந்ததும் ஸ்கூட்டி இடது பக்கம் திரும்பியது. கல்லில் முன்சக்கரம் ஏறியது. ஓட்டிவந்த பெண் தூக்கி எறியப்பட்டுத் தார்ச் சாலையில் தலை குப்புற விழுந்து, புரண்டு மல்லாந்தாள்.

கூலியாட்கள் இருவரும் ஓடினார்கள். முனிரத்தினம் பழக்கத்தில் ஆட்டோவைக் கிளப்பிப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவன் அக்குளில் கை கொடுத்துவிட்டான், இன்னொருவன் ஹெல்மெட்டை இழுக்கப் போனான்.

"உடு," என்றாள் ஏஞ்சல். சத்தம் போடவில்லை. ஆனால் இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். "யாரும் தொடாதீங்க. ஆட்டோவ அங்கியே நிறுத்துண்ணா. ரோட்டுக்குக் குறுக்கப் போடு, வண்டி எதுவும் வரக் கூடாது."

நடந்துதான் வந்தாள். அந்தப் பெண்ணின் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் கை அசையவில்லை.

"பேரு இன்னா?"

"சுகா... சுகாசினி."

"சுகாசினி, தலைய ஆட்டாத. என்னைப் பாக்கத் திரும்பாத. வானத்தப் பாரு. கால் வெரல ஆட்டு."

நான் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். விரல் ஆடியது. இரண்டு காலிலும். சொன்னேன். ஏஞ்சல் தலையசைக்கக்கூட இல்லை.

முனிரத்தினம் போனை எடுத்தார். "எங்கன்னு சொல்றது? ஆர்ச்சாண்டன்னு சொல்லட்டா?"

"சொல்லாத. அவங்க ஆர்ச்சுல வந்து நிப்பாங்க. ஆர்ச்ச தாண்டி நேரா வரச் சொல்லு."

"ஐயோ, வழி தெரியாம சுத்துவான்மா. தூக்கிக்கினு போயிடலாம், ஒரு நிமிஷம்தான்."

"நேத்தும் ஒரு நிமிஷம்தாண்ணா."

அவர் ஏஞ்சல் சொன்னபடியே போனில் சொன்னார்; முகம் என்னவாயிற்று என்று நான் பார்க்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. ஏஞ்சலின் கை சோர்ந்தால் மாற்றுக்கு முட்டு வேண்டும். வழக்கமாக மணல் மூட்டை வைப்போம். அங்கே மணலுக்கு எங்கே போவது? செல்லியம்மாள் தார்ப்பாய் நுனியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"உங்க சீலையில நெல்லை அள்ளிக் கட்டுங்க. ரெண்டு மூட்டை. தலையணை அளவுக்கு," என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் போட்டிருந்த துண்டைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தார். மண்டியிட்டு இரண்டு கையாலும் நெல்லை வாரிப் போட்டு முடிச்சுப் போட்டார். மூட்டைகளை ஹெல்மெட்டின் இரு பக்கமும் அணைத்துவைத்தோம். நெல் நன்றாகப் படிந்து நின்றது.

அப்போது சுகாசினி ஓங்கரித்தாள்.

மல்லாந்து கிடப்பவள் வாந்தி எடுத்தால் அது மூச்சுக் குழாயில் இறங்கும். திருப்பினால் கழுத்து. இரண்டில் ஒன்று என்று விட முடியாது, இரண்டையும் பார்க்க வேண்டும். மரக்கட்டையை உருட்டுவதுபோல் தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதற்கு மூன்று பேர் வேண்டும்.

"அக்கா தோளு. அண்ணா, நீ இடுப்பு. வா."

"நான் மாட்டேன்மா." முனிரத்தினம் பின்னால் போனார். "எங்கையால வாணாம். இன்னொருத்தியயும் என்னால..."

"உங் கைதான் வேணும். பயந்த கைதான் மெதுவாப் புடிக்கும். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். நான் அவர் கையை எடுத்து இடுப்பெலும்பில் வைத்து அழுத்தினேன்.

"நான் மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணா. ஒருத்தர் முந்தினாலும் போச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணு."

திரும்பினாள். ஒரே பாளமாகத் திரும்பினாள். வாந்தி தரையில் கொட்டியது. ஏஞ்சல் ஒரு விரலால் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். மற்ற விரல்கள் ஹெல்மெட்டை விடவில்லை. மறுபடி எண்ணி மல்லாத்தினோம். கால் விரலை ஆட்டச் சொன்னாள். எல்லோரும் அந்த விரல்களையே பார்த்தோம். கொஞ்சம் தாமதித்து ஆடின.

முனிரத்தினம் எழுந்தார். "நான் ஆர்ச்சுக்குப் போய் வண்டியக் கூட்டினு வரேன்" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய இடத்தில் கூலியாட்கள் குறுக்கே நின்று வண்டிகளை மறித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வர, ஆம்புலன்ஸ் பின்னால் வந்தது. கழுத்துப் பட்டை போட்டு, பலகையில் ஏற்றி, பெல்ட்டைப் பூட்டினார்கள். காலையில் கழுவிய பெல்ட். 'டக்' என்று பிடித்தது. அப்போதுதான் ஏஞ்சல் கையை எடுத்தாள். விரல்கள் மடங்க மறுத்தன.

பின்னாலேயே ஏட்டு பரசுராமன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கல்லையும் தார்ப்பாயையும் கவிழ்ந்த ஸ்கூட்டியையும் பார்த்தார்.

"எப்பவும் ஆர்ச்சாண்டன்னுதானே வரும்?" என்றார்.

ஏஞ்சல் முனிரத்தினத்தைப் பார்க்கவில்லை. கை விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஆர்ச்சாண்ட யாரும் உழல சார்," என்றார் முனிரத்தினம். "எல்லாரும் இங்கதான். நாங்கதான் அங்க தூக்கிக்கினு வந்தோம். நேத்து அந்தப் பையனையும் நான்தான் தூக்கினேன். எழுதிக்கோங்க."

பரசுராமன் செல்லியம்மாளின் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, அவன் சொல்றது?"

செல்லியம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்து வரப்பில் போட்டார். அடுத்த கல்லை எடுத்தார்.

"ரோட்டுல கொட்டினதுக்கு உம்மேல கேஸு போடுவேன்மா," என்றார் ஏட்டு.

"போடுப்பா. போட்டுட்டு நெல்லு காய ஒரு எடத்தக் காட்டிட்டுப் போ."

ஏட்டு கைபேசியை எடுத்து, திருப்பத்தில் நின்றபடியே படம் பிடித்தார். ஏஞ்சல் சந்தியாவுக்கு போன் செய்தாள். இடத்தைக் காட்டிவிட்டார்கள், மிஷினை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சுகாசினியின் சேதி தெரிந்துவிட்டிருந்தது. கழுத்தெலும்பில் விரிசல், தோள்பட்டை முறிவு. கை கால் வேலை செய்கிறது. வெகு நாள் படுக்கை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கோடு போடும் மிஷின் ஆர்ச்சுக்கு வந்து, வேலை தொடங்காமல் ஓரமாக நின்றது. சந்தியா ஆட்களோடு மோட்டார் கொட்டாய்க்குப் போய்விட்டிருந்தாள். முனிரத்தினம் ஒவ்வோர் இடமாக நடந்து நின்று காட்டினார். பரசுராமன் ஒவ்வொன்றிலும் கைபேசியை நீட்டினார். யுவன் விழுந்த இடத்தில் முனிரத்தினம் மற்ற இடங்களைவிட அதிக நேரம் நின்றார். அனுமதி வந்து இரும்புத் தடுப்பு நடும் வரைக்கும் இருக்கட்டும் என்று, மணல் நிரப்பிய டிரம்களில் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டித் திருப்பத்தின் இரு முனையிலும் வைத்தார்கள். ஊரில் வெகு நாளாகப் பூட்டிக்கிடந்த ரைஸ்மில் வாசலுக்கு நெல் போய்க்கொண்டிருந்தது. காலனியிலிருந்து ஏஞ்சலின் அம்மாவும் கூடையோடு வந்து நின்றார். வரச் சொன்னது யார் என்று கேட்டேன். "அந்தம்மாதான் ஆளனுப்பிச்சி" என்று செல்லியம்மாளைக் காட்டினார்.

இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே மறுபடி ஆர்ச்சுக்குத் தூக்குவார்கள் என்றாள் ஏஞ்சல். யுவன் பெயரை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். "செத்தவன் பேர வெச்சா அவசரத்துல சொல்ல நாக்கு எழாது. கண்ணுக்குத் தெரியறதச் சொல்லு" என்றாள். நெல் என்ற சொல் மட்டும் வரக் கூடாது என்றார் செல்லியம்மாள். முனிரத்தினம் ஆட்டோவுக்கு வாங்கிவைத்திருந்த மஞ்சள் பெயின்டை எடுத்து, கொட்டாய்ச் சுவரில் சாலைக்குத் தெரியும்படி எழுதினார்: மோட்டார் கொட்டாய்த் திருப்பம். அதன் கீழே சின்னதாக, 'அடிபட்டவரைத் தூக்காதீர்' என்று ஏஞ்சல் எழுதச் சொன்னாள். எழுதினார்.

பிறகு அவள் மாகறலுக்குத் திரும்பி, ஷிப்டுக்குக் கையெழுத்துப் போட்டு, பெல்ட்டைக் கழுவினாள். டிரைவரை ஏறச் சொன்னாள். வழி பழக வேண்டும் என்று, நோயாளி யாரும் இல்லாத வண்டி இலுப்பந்தாங்கலுக்குப் போனது. ஆர்ச்சின் கீழே டிரைவர் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தான்.

"நிக்காத," என்றாள் ஏஞ்சல். "நேரா போ."